வறண்ட மண்ணின் குடிகள்

உத்தரப் பிரதேசத்தின் கங்கைச் சமவெளியில் 'ஊசர்' என்று மக்கள் அழைக்கும் நிலங்களை வேனிற்காலத்தில் காணும் ஒருவர், பூமியின்மேல் யாரோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்துக் காயவிட்டிருக்கிறார்களோ என்று ஐயுறுவார். அந்த வெண்படலத்துக்கு அங்கே 'ரேஹ்' என்று பெயர். நம் பக்கத்துச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணை வாரிவந்து வெள்ளாவி வைத்தது போலவே, அவ்வூரார் ரேஹை வாரித் துணி வெளுத்து வந்தார்கள். துணிக்கு நன்மை செய்த அந்தச் சலவைச் சோடாவே பயிருக்கு நஞ்சாயிற்று. பருவமழை தொடங்கியதும் அதே நிலத்தின் பள்ளங்களில் நீர் தேங்குகிறது. மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் நாட்கணக்கில் கலங்கி நிற்கிறது. அப்படி நிற்கும் நீரின் அடியிலும் கரையோரத்திலும், புல்லும் தலைகாட்ட அஞ்சிய அந்த மண்ணின்மேல், கருமையும் பச்சையும் கலந்த வழுவழுப்பான ஓர் ஆடை விரிந்துவிடுகிறது. மழை விட்டு வெயில் ஏறியதும் அது சுருண்டு, கருகிய காகிதம் போலாகி, காற்றில் உதிர்ந்து போகிறது. ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சிறு நாடகத்தை எத்தனையோ தலைமுறை உழவர்கள் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு விவசாய உபாயம் மறைந்திருக்கக்கூடும் என்று கருதி அதைச் சோதித்துப் பார்க்க முனைந்தவர், காசி இந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் ஆர். என். சிங்.

1950ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் அவர் வெளியிட்ட குறிப்பு மிகச் சிறியது. அதில் கண்ட முறையோ அதனினும் எளியது. ஊசர் நிலத்தைச் சுற்றி மண் வரப்பு எடுத்து மழைநீரை வெளியே ஓடவிடாமல் நிறுத்துவது. நின்ற நீரில் நீலப்பச்சைப் பாசியைத் தழைக்கவிட்டு, அது மடிந்து மண்ணோடு மண்ணாகக் கலக்கும்வரை பொறுத்திருப்பது. அதன்பின் நெல் நாற்றை நடுவது. இப்படிப் பண்படுத்திய நிலத்தில் கார அமில நிலை 9.5இலிருந்து 7.6க்கு இறங்கியதென்றும், கரிமப் பொருளும் நைட்ரஜனும் கணிசமாகப் பெருகினவென்றும், மண்ணின் நீர்பிடிக்கும் சக்தி உயர்ந்ததென்றும் அவர் கண்டார். அந்த அளவுகோலில் எண் ஒன்று குறைந்தால் காரம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்ற கணக்கை நினைவில் வைத்துப் பார்த்தால், 9.5க்கும் 7.6க்கும் இடையே உள்ளது ஏறத்தாழ எண்பது மடங்கு வித்தியாசம் என்பது விளங்கும். உணவு தானியத்துக்கு அயல்நாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த அந்நாளைய பாரத தேசத்தில், ஒரு வரப்பையும் ஒரு மழைக்காலத்தையும் முதலாகப் போட்டுப் பாழ்நிலத்தை வயலாக்கலாம் என்ற செய்தி எத்தகைய நம்பிக்கையை எழுப்பியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

சிங்குக்கு முன்பே இத்துறையில் ஒரு வழி திறந்திருந்தது. உரமே இடாமல் ஆண்டுக்காண்டு நெல் விளைந்தும் வயலில் நைட்ரஜன் வற்றிப்போகாதிருப்பதன் காரணத்தைத் தேடிய பி. கே. டே, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதில் நீலப்பச்சைப் பாசிக்கு முக்கியமான பங்கு உண்டு என்று 1939இல் நிறுவியிருந்தார். பாசி என்று நாம் பழக்கத்தால் சொன்னாலும் இவை குளத்துப் படியில் நம்மை வழுக்கிவிடும் பச்சைப் பாசியின் இனமல்ல. சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைக்கும் பாக்டீரியாக்கள் இவை. மணிகளைக் கோத்த சரம்போல வளரும் நாஸ்டாக், அனபீனா முதலிய வகைகளில், பத்துப் பதினைந்து மணிக்கு ஒன்றாக, சுவர் தடித்த வெளிறிய உயிரணு ஒன்று இருப்பதை நுண்பெருக்கியில் காணலாம். அது ஏன் இருக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1968இல் ஃபே, ஸ்டூவர்ட், வால்ஸ்பி, ஃபாக் என்ற நால்வர், நைட்ரஜனைப் பிடிக்கும் தொழில் நடக்கும் இடம் அதுவாகவே இருக்கவேண்டும் என்று காரணம் காட்டி எழுதினார்கள். நைட்ரஜனை வசப்படுத்தும் நொதி பிராணவாயு பட்டால் கெட்டுப்போகும் தன்மையுடையது. பாசியோ உணவு சமைக்கும்போதே பிராணவாயுவை வெளிவிடுவது. ஒரே வீட்டில் நெருப்பும் பஞ்சும் இருக்கவேண்டிய இந்த இக்கட்டுக்குத் தனியறை ஒன்று கட்டிக்கொண்டது அந்தச் சிற்றுயிர்.

வறட்சியைத் தாங்கும் அதன் வல்லமையைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எண்பத்தேழு ஆண்டுகள் உலர்தாவரத் தொகுப்பில் காகிதத்தோடு காகிதமாக ஒட்டிக்கிடந்த நாஸ்டாக் ஒன்றை எடுத்து நீரூட்டி மீண்டும் வளரச் செய்ததாக அமெரிக்க அறிஞர் சி. பி. லிப்மன் 1941இல் எழுதினார். தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருள்களாலான பசை உறையைச் சுரந்துகொண்டு, கடைசி ஈரம்வரை அதில் தேக்கி வைத்து, ஈரம் முற்றும் போனபின் உயிரின் காரியங்களையெல்லாம் நிறுத்திவைத்துக் காத்திருப்பது அதன் சுபாவம். அந்தப் பசையே மணல் துகளோடு துகளை ஒட்டிப் பிடிக்கவும் செய்கிறது. உலகத்து நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பங்கு வறண்ட நிலம் என்று கணக்கிடுகிறார்கள். அதில் செடிகொடி மூடாத வெளிகளில் பல இத்தகைய உயிர்த் தோலைப் போர்த்திக்கொண்டிருப்பதால்தான் காற்றோடு பறந்துபோகாமல் இருக்கின்றன.

ஊசருக்குத் திரும்புவோம். உப்பு மண் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற இரண்டை நம் மொழி வேறுபடுத்தி வைத்திருக்கிறது: கரையும் உப்பு மிகுந்தது உவர் நிலம், சோடியம் மண்ணோடு ஒட்டிக் காரமேறியது களர் நிலம். கல்லாதவர்க்கு உவமை தேடிய வள்ளுவர் உவரை விட்டுக் களரை எடுத்துக்கொண்டது தற்செயலோ அல்லவோ, வேளாண்மை நோக்கில் பொருத்தமானதே. உவரை நல்ல நீரால் கழுவிவிடலாம். களரோ கழுவக் கழுவ இறுகும். களிமண் துகளின்மேல் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் ஒட்டியிருக்கும்வரை துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பொலபொலவென்றிருக்கும். கால்சியத்தின் இடத்தைச் சோடியம் கவர்ந்துகொண்டால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நீரில் கலங்கி மண்ணின் துளைகளையெல்லாம் அடைத்துவிடும். நீரும் இறங்காது, காற்றும் புகாது, வேரும் நுழையாது. இதில் பரிதாபம் என்னவென்றால், வேண்டிய கால்சியம் அதே நிலத்தின் அடியில் சுக்கான்கல்லாகக் குவிந்து கிடக்கிறது என்பதுதான்; காரம் மிகுந்த மண்ணில் அது கரைவதில்லை. பெட்டகத்தில் பொன் இருந்தும் பூட்டுத் திறவாமல் பட்டினி கிடக்கும் குடும்பத்தின் நிலைமை அது. அங்கே குடியேறும் உயிர்கள் சுவாசித்தும் மக்கியும் வெளியிடும் கரியமில வாயுவும் கரிம அமிலங்களும் அந்தப் பூட்டைச் சிறிது சிறிதாகத் திறக்கும். கரைந்த கால்சியம் சோடியத்தைப் பெயர்த்துத் தன் இடத்தில் அமரும். பெயர்ந்த சோடியம் நீரோடு கீழே போகும். பாசியின் வைத்தியத்துக்கு ரசாயன விளக்கம் இவ்வளவே.

விளக்கம் சரிதான், ஆனால் அளவு போதுமா என்பதே கேள்வி. பாசி ஒளியை நம்பி வாழ்வது. ஆகவே அது மண்ணின் மேற்பரப்பை விட்டு ஆழத்துக்குப் போகாது. நெல்லின் வேர் வேண்டுவதோ மேற்படலத்தை மட்டுமல்ல. தன் உடம்புக்குள் சோடியத்தை ஈர்த்து மண்ணைத் தூய்மை செய்கிறது பாசி என்று சிலர் எழுதியதும் உண்டு; அதை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள் உப்பைத் தாங்கும் அனபீனா வகையொன்றைக்கொண்டு ஆராய்ந்து, பாசி மடிந்து அழுகியதும் அது கொண்ட சோடியம் மண்ணுக்கே திரும்பிவிடுவதால் நிலையான விடுதலை கிட்டாது என்று 1997இல் தெரிவித்தார்கள். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாணயம் நுண்ணுயிருக்கும் உண்டு போலும்.

1969இல் நிறுவப்பட்டுக் கர்னாலில் இயங்கிவரும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் காட்டிய வழி வேறு. கால்சியம் தரும் ஜிப்சத்தை ஹெக்டேருக்குப் பத்து முதல் பதினைந்து டன் மேல்மண்ணில் கலந்து, நீர் நிறுத்தி வடித்து, முதற்பயிராக நெல்லை நடுவது அது. இந்தியாவின் களர்நிலம் ஏறத்தாழ 37.7 லட்சம் ஹெக்டேர். அதில் மீட்கப்பட்ட பகுதி பெரும்பாலும் இம்முறையால் மீண்டதேயன்றிப் பாசியால் அன்று. உலக வங்கியின் கடனுதவியுடன் 1993இல் உத்தரப் பிரதேசத்தில் தொடங்கிய களர்நில மீட்புத் திட்டமும் ஜிப்சத்தையே நம்பியது. இப்படிப் பார்த்தால் சிங்கின் கனவு பொய்த்தது என்று கணக்கை முடித்துவிடத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய முறையைப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் பாசியைப் பார்த்தார்களே தவிர வரப்பைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். நீர் நின்றதால் ஒரு பகுதி உப்பு கழுவப்பட்டிருக்கலாம். நீர் நின்றதால்தான் பாசிக்கும் வீடு கிடைத்தது. பாசி மடிந்ததால் மற்ற பாக்டீரியாக்களுக்கு இரை கிடைத்தது. நெல்லின் வேர் வந்தபின் மூச்சுவிடும் உயிர் இன்னும் பெருகியது. கர்னால் முறையிலும் ஜிப்சம் செய்வது கதவைத் திறக்கும் வேலைதான். அதன்பின் ஆண்டுக்காண்டு மண்ணைத் திருத்துவதில் நெல்லும் தக்கைப்பூண்டும் அவற்றின் வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்களும் கொள்ளும் பங்கு சிறிதன்று. ஆக, இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள பகை நாம் கற்பித்துக்கொண்ட அளவுக்குப் பெரிதல்ல.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மண்ணுக்கு நுண்ணுயிர் ஊட்டுவது என்றால் இன்று நம் உழவர் மனத்தில் தோன்றுவது உரக்கடையில் வாங்கும் பொட்டலம்: அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தி விதைக்கும் இந்த வழக்கத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சில் பாக்டீரியா குடியிருந்து நைட்ரஜன் தருவதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் ஐயமற நிறுவி, பெய்யரிங்க் 1888இல் அந்த உயிரைத் தனியே பிரித்தெடுத்த நாள் முதலாக, முடிச்சுக்குள் புகும் உயிரை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது உலகெங்கும் பலன் தந்திருக்கிறது. ஏனெனில் வேர் முடிச்சு என்பது வந்த விருந்தாளிக்குச் செடியே கட்டிக்கொடுக்கும் வீடு. அத்தகைய வீடு இல்லாமல் வெட்டவெளி மண்ணில் விடப்பட்ட பாக்டீரியாவின் கதை வேறு. கோடிக்கணக்கில் தூவப்பட்டாலும் சில வாரங்களில் அவற்றின் தொகை சரிந்துவிடுவதை ஆராய்ச்சியாளர் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஒற்றை உயிரணு விலங்குகள் அவற்றை மேய்ந்துவிடுகின்றன. முன்னமே குடியிருக்கும் இனங்கள் இடம் கொடுப்பதில்லை. மானாவாரி மண்ணில் இவற்றோடு கொதிக்கும் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தின்பதற்கு ஒன்றுமில்லை. வறண்ட நிலத்தில் பஞ்சம் நுண்ணுயிருக்கு அன்று, நுண்ணுயிரின் சோற்றுக்கும் நிழலுக்குமே.

சீனர்கள் இதை மணலில் கண்டறிந்தார்கள், அதுவும் வேறொன்றைத் தேடியபோது. பாவ்டோவிலிருந்து லான்ஜோவுக்குப் போகும் இரயில்பாதை தெங்கர் பாலைவனத்தின் ஓரமாய் ஷபோடோ என்னுமிடத்தில் மணற்குன்றுகளுக்கிடையே செல்லவேண்டியிருந்தது. 1958இல் பாதை திறக்கப்பட்டபோது, அதை மணல் மூடாதிருக்க, வைக்கோலைச் சதுரங்கக் கட்டம்போல ஒரு மீட்டர் சதுரங்களாக மணலில் பாதி புதைத்து நட்டு, இடையே வறட்சி தாங்கும் புதர்ச்செடிகளை வைத்தார்கள். மழையோ ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சில ஆண்டுகளில் வைக்கோல் மக்கிப்போயிற்று. ஆனால் அதற்குள் காற்று அடங்கி, நுண்ணிய புழுதி படிந்து, படிந்த புழுதியில் நீலப்பச்சைப் பாசியும், பின் பாறைப்பாசியாகிய லைக்கனும் மாஸும் தாமாகவே வந்து குடியேறின. யாரும் விதைக்கவில்லை. பிற்காலத்தில் உள் மங்கோலியாவில் பாசியைத் தொட்டிகளில் வளர்த்து மணல்மேல் தெளித்துச் சோதித்தபோது, பல ஆண்டுகளில் உண்டாகும் தோலைச் சுருங்கிய காலத்தில் உண்டாக்க முடிந்தது. அங்கும் மணலை முதலில் அசையாமல் நிறுத்தி, தொடக்கத்தில் நீரும் தெளிக்கவேண்டியிருந்தது. ஆயினும் இந்தத் தோல் உழவனுக்கு நேரடியாக உதவாது. ஏர்முனை ஒருமுறை பட்டால் போயிற்று. ஆட்டின் குளம்பும் போதும்.

உழுது விதைக்கும் நிலத்திலேயே நுண்ணுயிருக்கு நிரந்தர வீடு அமைக்க முடியுமா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரையில் மனத்துக்கு உகந்த விடை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிலிருந்து வந்திருக்கிறது. சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பாகிய அந்தச் சாஹேல் பிரதேசமே நம் கம்புக்குப் பூர்விகம். அங்கே நிலக்கடலையும் கம்பும் மாறிமாறி விளையும் மணற்பாங்கான வயல்களில், விதைத்தவர் யாரும் இல்லாமல் இரண்டு புதர்கள் நிற்கும். ஒன்று கியேரா, மற்றொன்று பிலியோஸ்டிக்மா, நம் ஆத்தி மரத்துக்கு நெருங்கிய உறவு, இரட்டை மடல் இலையைப் பார்த்தாலே தெரியும். விதைப்புக்கு முன் உழவர்கள் இவற்றைத் தரைமட்டமாக வெட்டி, வெட்டிய தழையைக் கொளுத்திவிடுவது வழக்கம். அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருந்து மீண்டும் துளிர்க்கும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் டிக், செனகலின் தியேஸ் பல்கலைக்கழகத்து இப்ராஹிமா டியேடியூ ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இரண்டு மாறுதல்களைச் செய்து பார்த்தார்கள். புதர்களின் எண்ணிக்கையை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,500 என்ற அளவுக்கு உயர்த்தினார்கள். வெட்டிய தழையைக் கொளுத்தாமல் நறுக்கி அங்கேயே பரப்பினார்கள்.

விளைந்தது என்ன? புதரை ஒட்டி வளர்ந்த கம்பு, புதரில்லாத இடத்துக் கம்பைவிடச் செழித்தது. மழை இடையில் பொய்த்த பருவங்களில் வித்தியாசம் மிகப் பெரிதாயிற்று. புதரின் வேரைச் சூழ்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் தொகையிலும் வகையிலும் மிகுந்திருந்தன; எட்டு மாத வேனிலிலும் அங்கே அவற்றின் இயக்கம் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. அதற்குக் காரணம் புதரின் வேரே. ஆழத்தில் ஈரமுள்ள இடத்திலிருந்து உறிஞ்சிய நீரை, இலைகள் ஆவி விடுவதை நிறுத்தும் இரவுநேரத்தில், மேல்மண்ணின் வறண்ட அடுக்கில் வேர்கள் கசியவிடுகின்றன. இத்தகைய இரவுக் கசிவை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் புதர் ஒன்றில் ரிச்சர்ட்ஸும் கால்ட்வெல்லும் 1987இல் முதலில் எடுத்துக் காட்டினார்கள். செனகலில் ஒருபடி மேலே போனார்கள்: கன ஹைட்ரஜன் கலந்து அடையாளமிட்ட நீரை ஒரு மீட்டர் ஆழத்தில் புதரின் வேருக்கு ஊட்டி, சில நாட்களில் அந்த அடையாளம் பக்கத்துக் கம்புப் பயிரில் வந்து சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். புதர் குடித்த நீரைக் கம்பும் குடித்தது. ஏற்றம் இறைப்பவன் இல்லாமல், கமலை மாடும் இல்லாமல், இரவு முழுதும் நடக்கும் நீர்ப்பாசனம் இது. அந்தக் கசிவில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்களும் நனைகின்றன.

இதில் கம்புக்கு உதவியது நீரா, தழை மக்கிய சத்தா, நுண்ணுயிரா என்று தனித்தனியே பிரித்துச் சொல்வது கடினம். வேர்களுக்கிடையே நூலிழையாகப் படர்ந்து நீரையும் பாஸ்பரஸையும் கொண்டுசெல்லும் வேர் உட்பூசணத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. இதே கேள்வியோடு நம் கொல்லிமலையிலும் பெங்களூரிலும் கேழ்வரகோடு துவரையை ஊடுபயிராக்கி, உட்பூசணத்தையும் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் சேர்த்து வயற்பரிசோதனைகள் நடந்தன. ஆழவேர் விடும் துவரைக்கு அங்கே கியேராவின் ஸ்தானம். ஆராய்ச்சிக்கு இந்தப் பகுப்பு அவசியந்தான். ஆனால் பகுத்தறிந்த ஒன்றை உடனே புட்டியில் அடைத்து விற்க முந்தும் அவசரமே ஊசரில் பாசிக்குத் தகாத பாரத்தைச் சுமத்தியது என்று நினைக்கிறேன். புதரை விட்டுப் பாக்டீரியாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், வரப்பை விட்டுப் பாசியை எடுத்துக்கொண்டு போன கதைதான்.

செனகல் உழவர் இந்த முறையை எளிதில் ஏற்றுக்கொள்ளாததற்கு அவர் அறியாமை காரணமன்று. மாடோ குதிரையோ இழுக்கும் விதைப்புக் கருவி நேராக ஓடவேண்டுமானால் வயல் துப்புரவாக இருக்கவேண்டும். அடர்ந்த புதர்களுக்கிடையே அது வளைந்து வளைந்து திரும்பவேண்டியிருக்கிறது. முதல் மழைக்கு முன் வேலை எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நெருக்கும் அந்த நாட்களில், வெட்டிய தழையைக் கொளுத்துவதற்கு ஒரு தீக்குச்சி போதும். நறுக்கிப் பரப்புவதற்கோ குடும்பமே கத்தி எடுத்துப் பல நாள் வயலில் குனிந்திருக்கவேண்டும்.